கொட்டகையை இடிக்கப் போகிறார்களா? முதலில் ஆபரேட்டர் ரூமுக்குப் போங்கள்

எங்கள் ஊர் தியேட்டரை இடிக்க ஜேசிபி வந்த அன்று நான் கடையில் உட்கார்ந்து ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். டீக்கடைப் பையன் ஓடிவந்து, "மாமா, ஒங்க தியேட்டர ஒடைக்கிறாங்க" என்றான். கையில் இருந்ததை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆபரேட்டர் ரூம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

பதினெட்டு வருஷம் நான் வேலை பார்த்த அறை அது. 1980-இல், பதினாறு வயதில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். 1998-இல் ஆபரேட்டராக வெளியே வந்து மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்தேன். தியேட்டர் அதற்கப்புறமும் தட்டுத்தடுமாறி 2012 வரை ஓடியது. பூட்டிய பிறகு ஏழு வருஷம் உள்ளே நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அந்த ஏழு வருஷமும் அதே வாசலைக் கடந்துதான் தினமும் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்து ஒரு போட்டோ எடுக்க ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

இடித்த பிறகு நாலு வருஷம் அலைந்து, கிடைத்ததை எல்லாம் சேர்த்தேன். எங்கள் ஊர் திருச்சி - புதுக்கோட்டை சாலையை ஒட்டிய சின்ன ஊர். நான் இப்படிச் சேர்த்துவைத்திருப்பது கேள்விப்பட்டு, சுற்றுவட்டாரத்தில் எங்கே தியேட்டர் இடிபட்டாலும் யாராவது போன் செய்கிறார்கள். "அண்ணே, எங்க ஊர்லயும் வித்துட்டாங்க, என்ன பண்ணலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று. நீங்கள் சேர்க்கப்போவது சினிமாவின் கதை இல்லை. எந்த நடிகர் படம் எத்தனை நாள் ஓடியது என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கொட்டகையில் தினமும் என்ன வேலை நடந்தது, யார் செய்தார்கள், எவ்வளவு காசு வந்தது, எங்கே நின்றார்கள், எங்கே துப்பினார்கள் என்பதை எழுத ஆள் இல்லை. அதைப் பிடியுங்கள்.

ஓனர் வீட்டுக்குப் போகும்போது

கேமராவோடு போகாதீர்கள். தியேட்டர் வைத்திருந்த குடும்பங்களில் பெரும்பாலும் அண்ணன் தம்பி பங்குத் தகராறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். போட்டோ, கணக்கு, பத்திரம் என்ற வார்த்தைகளைக் கேட்டதும் நீங்கள் எதிர்த்தரப்பு அனுப்பிய ஆள் என்று நினைத்துவிடுவார்கள். நான் முதல் தடவை அப்படித்தான் வாசலோடு திரும்பினேன். இரண்டாம் தடவை பழைய கணக்குப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். "ஐயா பேர எழுதி வைக்கணும்னு வந்துருக்கோம்" என்று அவர்தான் ஆரம்பித்தார். கட்டியவர் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். பொய் ஒன்றும் இல்லையே, அந்தப் பெயரை எழுதத்தானே போகிறோம்.

அதைவிட முக்கியமான ஆள் இடிக்க எடுத்திருக்கும் கான்ட்ராக்டர். பேச்சு முடிந்து அட்வான்ஸ் கைமாறிவிட்டால், உள்ளே இருக்கும் இரும்பு, மரம், கதவு, நாற்காலி எல்லாம் அவருடையது. ஓனரே நினைத்தாலும் ஒரு ஆணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருக்குக் காகிதம் குப்பை, இரும்பு காசு. அதனால், "இரும்பு எனக்கு வேண்டாம், பேப்பரும் தகர போர்டும் மட்டும் எடுத்துக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்நூறு ரூபாய் கையில் வையுங்கள். எங்கள் ஊர் தியேட்டரின் திறப்பு விழாக் கல்லை நான் மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கான்ட்ராக்டர் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லாக இருந்தது. எழுத்துப் பக்கம் மேலே பார்த்தபடி. எழுத்து இருந்தால் அழுக்கு நன்றாகப் போகிறதாம். அந்த அம்மாவுக்குப் புதுக் கல் ஒன்று வாங்கிப்போட்டுத்தான் அதை எடுத்துவர முடிந்தது.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால்

எல்லோரும் முதலில் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். திரை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். நேராக மாடிப்படி ஏறி ஆபரேட்டர் ரூமுக்குப் போங்கள்.

சுவரில் திரையைப் பார்த்து இருக்கும் ஓட்டைகளை எண்ணுங்கள். ஒரு மிஷினுக்கு இரண்டு ஓட்டை: ஒன்றில் வெளிச்சம் போகும், இன்னொன்றில் ஆபரேட்டர் பார்ப்பார். நாலு ஓட்டை இருந்தால் இரண்டு மிஷின் இருந்திருக்கிறது. இரண்டு ஓட்டையைச் சுற்றி மட்டும் சிமெண்ட் பூச்சு வேறு நிறமாக இருந்தால், இரண்டாவது மிஷின் பிற்பாடு வந்தது. எங்கள் தியேட்டரில் 1984 வரை ஒரே மிஷின்தான். ரீல் முடிந்தால் லைட்டைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். ஒரு படத்துக்கு ஏழெட்டு முறை இப்படி. முறுக்கு, கடலை மிட்டாய் விற்பவர்களுக்கு அதுதான் வாழ்வு. இரண்டாம் மிஷின் வந்த அன்று கேன்டீன்காரர் ஓனரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் கூரையைப் பாருங்கள். மிஷினுக்கு நேர் மேலே வட்டமாக ஓட்டையோ, தகரக் குழாயோ இருந்தால் அங்கே கார்பன் எரிந்திருக்கிறது. புகை போக அந்த வழி. ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு கார்பன் குச்சிகள், நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில் பிறக்கிற வெளிச்சம்தான் திரையில் விழும் வெளிச்சம். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரை மங்கும். கருப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே திருகைத் திருகிக் குச்சியை நெருக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் அசந்தால் கீழே தரை டிக்கெட்டிலிருந்து விசில் வரும், அப்புறம் நம் பரம்பரையைப் பற்றிய விசாரணை வரும். பிற்பாடு செனான் பல்பு வந்து இந்த வேலை எல்லாம் போயிற்று.

செனான் பல்பு ஒன்று மிஷினுக்குள்ளோ அட்டைப் பெட்டியிலோ இன்னும் இருந்தால், தயவுசெய்து தொடாதீர்கள். அணைந்து கிடக்கும்போதும் உள்ளே வாயு அழுத்தத்தில்தான் இருக்கும். தவறி விழுந்தால் வெடித்து முகத்தில் கண்ணாடி இறங்கும். தெரிந்த ஆளை வைத்துக் கழற்றுங்கள்.

மிஷினில் தகரத் தகடு ஒன்று ஆணி அடித்து இருக்கும். கம்பெனி பெயரும் நம்பரும் அதில் இருக்கும். துணியால் துடைத்துப் படம் எடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

இப்போது சுவர். நான் இழந்தது இதைத்தான். எங்கள் பெரிய ஆபரேட்டரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் கதவுக்குப் பின்பக்கச் சுவரில், சுண்ணாம்பின் மேல், பென்சிலால் ஒரு கணக்கு வைத்திருந்தார். படத்தின் பெயர், பெட்டி வந்த தேதி, எத்தனை ரீல், எத்தனை நாள் ஓடியது. எந்த ரீலில் ஒட்டுப் போட்டிருக்கிறதோ அதன் நம்பருக்குக் கீழே ஒரு கோடு. ஆட்டம் ரத்தான நாளுக்கு எதிரே காரணம், ஒரே வார்த்தையில்: மழை. கரண்ட். சாவு. பெட்டி வரலை. சுவரின் கீழ்ப்பகுதி என் உயரத்துக்கு. அதில் நான் பாக்கி வைத்த டீக்கணக்கு. பதினெட்டு வருஷம் தினமும் பார்த்த சுவரில் இன்று எனக்கு ஞாபகம் இருப்பது மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி.

உங்கள் ஊரில் அப்படிச் சுவர் இருந்தால், நேராக பிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள், வெறும் வெள்ளையாக வரும். லைட்டை அணைத்துவிட்டு, ஒருவரைச் சுவரோடு ஒட்டி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பென்சில் அழுந்திய பள்ளம் நிழலாக எழும்பி வரும். முதலில் சுவர் முழுவதும் ஒரு படம். பிறகு இடமிருந்து வலமாக, ஒரு படத்தில் வந்ததில் கால்வாசி அடுத்த படத்திலும் வருகிற மாதிரி கிட்டத்தில் எடுத்துக்கொண்டே போங்கள். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை மாவுப் பசையால் ஒட்டிவையுங்கள், எழுத்தின் அளவு பிற்பாடு தெரியும்.

மூலையில் தகரப் பெட்டி கிடந்து அதில் பிலிம் இருந்தால், மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது. அதை மற்ற பிலிமோடு வைக்கக் கூடாது, கெடுதல் தொற்றும். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பீடி பற்றவைக்கிற ஆளை வெளியே அனுப்புங்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. முழு ரீல்கள் கிடைத்தால் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். நாலு விரற்கடைத் துண்டுகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றிய பல்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்து வேட்டியில் படம் காட்டிய தலைமுறைக்கு அதை என்ன செய்வதென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

டிக்கெட்டும் டி.சி.ஆரும்

டிக்கெட் கவுண்டர் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள்: தரையிலிருந்து உயரம், அகலம், ஆழம். ஆண்கள் கவுண்டருக்கும் பெண்கள் கவுண்டருக்கும் தனித்தனியாக. எங்கள் ஊரில் ஆண்கள் கவுண்டரின் சிமெண்ட் விளிம்பு கைபட்டுக் கைபட்டுச் சோப்புக் கட்டி போல வழுவழுவென்று ஆகியிருந்தது. பெண்கள் பக்கம் அவ்வளவு தேயவில்லை. ஒருத்தி வரிசையில் நின்று பத்துப் பேருக்கு வாங்குவாள், அதுதான் காரணம் என்று டிக்கெட் கொடுத்த அக்கா சொன்னார்.

கிழிக்காத டிக்கெட் கட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். தரைக்கு ஒரு நிறம், பெஞ்சுக்கு ஒன்று, சேருக்கு ஒன்று. பட்டம் விடுகிற தாள் போல மெல்லியது. பின்னால் வணிகவரி அலுவலக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கேளிக்கை வரிக்காக அந்த முத்திரை வாங்கித்தான் விற்க வேண்டியிருந்தது. டிக்கெட்டை நோட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன். இரண்டே வருஷத்தில் டேப் மஞ்சளாகி, பிசின் இறங்கி, சேர் டிக்கெட்டின் ரோஸ் நிறம் எல்லாம் திட்டுத்திட்டாகப் போய்விட்டது. வெள்ளைத்தாள் உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் எழுதினால் போதும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதன் பழுப்பு இதற்கும் ஏறும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய புதையல் டி.சி.ஆர் நோட்டு. அன்றாட வசூல் கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வகுப்பு வாரியாக எத்தனை டிக்கெட் போயிற்று, முதல் நம்பர் எது, கடைசி நம்பர் எது, வரி எவ்வளவு, வரி போக மிச்சம் எவ்வளவு, அதில் விநியோகஸ்தர் பங்கு எவ்வளவு என்று ஒரே தாளில் இருக்கும். அதன் நகல் திருச்சிக்குப் போகும். பட விநியோகத்தில் நாங்கள் டி.டி. ஏரியா, அதாவது திருச்சி - தஞ்சாவூர். மதுரைப் பக்கம் எம்.ஆர்., திருநெல்வேலிப் பக்கம் டி.கே. தாளின் தலைப்பில் இந்த எழுத்துகளைப் பார்த்தால் குழம்பாதீர்கள்.

டி.சி.ஆரில் ஹவுஸ்ஃபுல் நாளைத் தேடாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஆட்டத்தைத் தேடுங்கள். என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே நோட்டில், 1991-இல் ஒரு செவ்வாய்: தரை 23, பெஞ்ச் 9, சேர் 2. மொத்தம் முப்பத்துநாலு பேர். அந்த முப்பத்துநாலு பேருக்காக இரண்டரை மணி நேரம் மிஷின் ஓடியது. நான், மாஸ்டர், டிக்கெட் கிழிப்பவர், கேட்காரர், சைக்கிள் ஸ்டாண்ட் பையன் எல்லோரும் ஒரு மணி வரை முழித்திருந்தோம். ஒரு தியேட்டர் ஏன் மூடுகிறது என்பது அந்த மாதிரித் தாளில்தான் இருக்கிறது.

காகிதம் தேடும் வழி

தியேட்டர் நடத்த சி படிவ உரிமம் வேண்டும், 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி. சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். அந்தக் கோப்பில் கட்டட வரைபடம், பொதுப்பணித் துறைப் பொறியாளர் சான்று, மின் ஆய்வாளர் சான்று எல்லாம் சேர்ந்து இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக, கோப்பின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். "ஏன் மூடப்பட்டது?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் தியேட்டர் 1966-இல் திறந்தது. புதுக்கோட்டை மாவட்டம் உருவானதே 1974-இல்தான். ஆரம்பகாலக் காகிதம் திருச்சிப் பக்கம் போயிருக்கும் என்பதை யோசிக்காமல் புதுக்கோட்டைக்கு மனுப் போட்டு ஒரு மாதம் வீணாக்கினேன். உங்கள் மாவட்டம் எப்போது, எதிலிருந்து பிரிந்தது என்பதை முதலில் பாருங்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் நிலம் யார் யார் கைக்கு மாறியது, எந்த வருஷம் எங்கே அடமானம் வைத்தார்கள் என்பது தெரியும். 1975-க்குப் பிந்தையதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே தேடலாம். அடமானம் வைத்த வருஷத்தையும் இரண்டாவது மிஷின் வாங்கிய வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஓனருக்கு இரண்டும் ஒரே வருஷம்.

பெரிய ஊர் தியேட்டர் என்றால் பத்திரிகை விளம்பரம் கைகொடுக்கும். மதுரை தங்கம் தியேட்டருக்கு இந்தச் சிரமம் எல்லாம் இல்லை. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்தது என்பது ஊரறிந்த விஷயம், தேதிகூட அக்டோபர் 17 என்று சொல்லிவிடலாம். எங்களைப் போன்ற சி சென்டருக்கு, அதாவது படம் கடைசியாக வந்துசேரும் சின்ன ஊர்த் தியேட்டருக்கு, பத்திரிகையில் யார் விளம்பரம் கொடுப்பார்கள்? படப்பெட்டியே நகரங்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து, மாதக்கணக்கில் கழித்து, கோடு விழுந்துதான் வரும். அதனால் படம் வெளியான வருஷத்தை வைத்து உங்கள் தியேட்டருக்குத் தேதி போடாதீர்கள், ஒரு வருஷம் இரண்டு வருஷம் தவறிப்போகும்.

எங்களுக்கு நோட்டீஸ்தான் ஆதாரம். ரோஸ், மஞ்சள், பச்சைத் தாளில் அடித்து வண்டியில் போகும்போது தூவுவார்கள். பரண், டிரங்குப் பெட்டி, பள்ளிக்கூட நோட்டு அட்டை, சாமி படத்தின் பின்பக்கம், எங்கே வேண்டுமானாலும் இருக்கும். எங்கள் தியேட்டர் எம்ஜிஆர் படத்தோடு திறந்தது என்று பதினோரு பேர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். சைக்கிள் கடைக்காரர் வீட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த நோட்டீஸில் இருந்தது ஒரு சாமி படம். பதினோரு பேரும் பொய் சொல்லவில்லை. சாமி படத்துக்கு அடுத்து வந்தது எம்ஜிஆர் படம், அதற்குத்தான் கூட்டம் வந்திருக்கிறது. இரண்டையும் எழுதிவையுங்கள்.

சென்னைப் பக்கம் போனால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் சினிமா இதழ்களும் இருக்கின்றன. அப்படியே அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கும் கட்டடத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். 1913-இல் எலக்ட்ரிக் தியேட்டராக இருந்தது அது. கொட்டகையை இடிக்காமலும் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நூறு வருஷம் தாண்டிய சாட்சி.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

ரசிகர் மன்றத் தலைவர் தானாகவே வருவார், தேட வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். போஸ்டர் ஒட்டியவரைப் பிடியுங்கள். பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது என்பது முதல் எந்தச் சுவருக்கு யாரிடம் திட்டு வாங்கினோம் என்பது வரை அவருக்குத் தெரியும். தட்டிவண்டியில் மைக் பிடித்தவர், சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் பையன், கூட்டிப் பெருக்கிய அம்மா. அப்புறம் தியேட்டருக்குப் பின்வீட்டில் குடியிருந்தவர்கள். எங்கள் திரைக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு ஆச்சி வீடு. வாழ்நாளில் நாலே நாலு படம்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆனால் நூற்றுக்கணக்கான படங்களின் வசனம் மனப்பாடம், எல்லாம் சுவர் வழியே கேட்டது. எந்தக் குரல் எந்த முகத்துக்கு என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

"அந்தக் காலத்துல தியேட்டர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "அதெல்லாம் ஒரு காலம் தம்பி" என்ற பதில்தான் வரும். கைகால் அசைகிற கேள்வியாகக் கேளுங்கள். ரெண்டாம் ஆட்டம் விட்டு எந்தத் தெரு வழியா வீட்டுக்குப் போனீங்க? கைக்குழந்தை அழுதா எங்க கொண்டுபோய் நின்னீங்க? யார் யாரோட உக்காரக் கூடாதுன்னு இருந்துச்சா? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. ஆறப்போட்டு அடுத்த தடவை கேளுங்கள்.

கூட்டிப் பெருக்கிய அக்காவிடம், "பெருக்கும்போது என்னக்கா கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"திருகாணி தம்பி. தோட்டுத் திருகாணி. சாமி படம் ஓடுனா அதிகமாக் கெடைக்கும்."

"ஏங்க்கா சாமி படத்துக்கு?"

"பொம்பளைக நகையப் போட்டுக்கிட்டு வருவாளுகள்ல. சண்டைப் படத்துக்கு வெறும் பீடித்துண்டுதான்."

கிடைத்த திருகாணிகளை எல்லாம் ஒரு தீப்பெட்டியில் போட்டு டிக்கெட் கவுண்டரில் வைத்திருப்பாராம், கேட்டு வருகிறவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம். நாற்பது நிமிஷம் பேசினார். வீட்டுக்கு வந்து போனில் போட்டுக் கேட்டால், நாற்பது நிமிஷமும் அவர் வீட்டுச் சீலிங் பேன்தான் பேசுகிறது. மேலே எழுதியது ஞாபகத்தில் இருந்து. பேனை நிறுத்தச் சொல்லுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். போனை அவர்கள் பக்கத்தில் தலையணையின் மேல் வையுங்கள். பிளைட் மோடில் போடுங்கள். ஆரம்பத்திலேயே ஒரு நிமிஷம் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

ஏன் மூடியது என்று எழுதும்போது

"டிவி வந்தது, தியேட்டர் போனது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பாதிதான் உண்மை. ஒரு நீளத் தாளில் கோடு போட்டு வருஷங்களைக் குறியுங்கள்: ஊருக்கு முதல் டிவி வந்தது, வாடகை வீடியோ டெக் வந்தது, 1993-இல் சன் டிவி, கேபிள்காரர் வந்தது, திருவிழாவில் திரை கட்டிப் படம் போட ஆரம்பித்தது. அதற்கு நேர் கீழே டி.சி.ஆர் எண்களை எழுதுங்கள். எங்கள் தியேட்டரில் டெக் வந்த பிறகும் தரை டிக்கெட் பெரிதாகக் குறையவில்லை. சேர் டிக்கெட்தான் முதலில் காணாமல் போயிற்று. காசு உள்ளவர்கள் முதலில் வீட்டுக்குப் போனார்கள்.

என் கணக்கில் சி சென்டரை முடித்தது வேறு. பிலிம் பிரிண்ட் குறைவாக இருந்த காலத்தில் படம் எங்கள் ஊருக்கு வரும் வரை ஊர் காத்திருந்தது. அந்தக் காத்திருப்புதான் எங்கள் முதலீடு. டிஜிட்டல் வந்து, ஒரே வெள்ளிக்கிழமை நூற்றுக்கணக்கான தியேட்டரில் படம் விழ ஆரம்பித்ததும், பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய் முதல் நாளே பார்த்துவிட்டார்கள். இரண்டாம் வாரம் என்பதே இல்லாமல் போயிற்று. எங்கள் ஓனர் டிஜிட்டல் மிஷினுக்கு விலை விசாரித்தார். அந்தப் பணத்தை வட்டிக்கு விட்டால் மாதம் என்ன வரும் என்றும் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டார். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

உங்கள் தியேட்டர் அதையும் தாண்டி ஓடியிருந்தால், 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்து வந்து தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களை மூடிப் போராடியதையும், 2020 மார்ச்சில் பூட்டி நவம்பரில்தான் திறந்ததையும் கோட்டில் குறிக்க மறக்காதீர்கள். எத்தனையோ தியேட்டர்களில் அந்த மார்ச் மாதப் போஸ்டர்தான் கடைசிப் போஸ்டர்.

சேர்த்ததை எங்கே வைப்பது

இரண்டு பிரதி. ஒன்று உங்களிடம், இன்னொன்று ஊர்க் கிளை நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ. படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிவிட்டால் உங்கள் போன் தொலைந்தாலும் கவலை இல்லை. ஆட்களின் பெயரைப் போடுவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். கேன்டீன் கடன் நோட்டு கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே காட்டாதீர்கள். ஊரில் இன்னும் அதே குடும்பங்கள்தான் இருக்கின்றன.

ஏற்கெனவே இடித்துவிட்டார்கள் என்றால்

பக்கத்துக் கட்டடத்தைப் பாருங்கள். வடக்குப் பக்கம் எங்கள் தியேட்டருக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர்தான். தியேட்டர் போன பிறகு அந்த வீட்டுச் சுவரில் ஒரு சாய்ந்த கோடு தெரிய ஆரம்பித்தது. கோட்டுக்கு மேலே பச்சைப் பெயிண்ட், கீழே வெறும் செங்கல். சாலைப் பக்கம் உயரம், திரைப் பக்கம் தாழ்வு. எங்கள் தரையின் சரிவு அது. சேர், பெஞ்ச், தரை எங்கெங்கே மாறியது என்பதுகூட அந்தக் கோட்டில் இரண்டு இடத்தில் படியாக விழுந்திருக்கிறது. வெள்ளையடிப்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் நம்பர் கொடுத்துவைத்திருந்தேன். நேற்றுப் போன் வந்தது, பொங்கலுக்கு அடிக்கப்போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியும் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போகிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க டீக்கடைப் பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.